வடிவு குடுத்த டிஸ்க்

உக்காருங்க சார். அந்த டிஸ்கை மட்டும் மேசை மேல வைக்காதீங்க. உங்க மடியிலயே இருக்கட்டும். கோவிச்சுக்கிடாதீங்க, உங்க டிஸ்க்ல அப்படி இப்படி ஏதாவது இருக்கும்னு நான் சொல்லல. அடுத்தவங்க வீட்டு டிஸ்கை இனிமே தொடுததில்லைன்னு ஒரு முடிவு. பாத்தாலே குமட்டுது எனக்கு.

மாடி வீட்டுக்காரரு சொல்லித்தானே வந்தீங்க? சொல்லுவாரு. ஆவுடையப்பன் சார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தாறு வருஷம் இருந்தவரு, கம்ப்யூட்டரையும் தானே படிச்சுக்கிட்டாரு, செத்த டிஸ்கைக்கூட எழுப்பிருவாருன்னு. எழுப்புனேன், இல்லைங்கல. எழுப்புனதுக்கு என்ன கெடைச்சுதுன்னு கேட்டுட்டுப் போங்க. காப்பி வந்துரும்.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. சண்முகவடிவு. வடிவுன்னு கூப்பிடுவோம். அம்பாசமுத்திரத்துல குடுத்திருக்கு. மாப்ள பேரு சிவசைலம். கூட்டுறவு பண்டகசாலையில கிளார்க்கா இருந்து ரிட்டயரானவரு. முந்தின வருஷம் ஐப்பசியில போய்ச் சேந்துட்டாரு, நெஞ்சுவலி. ஒரே மக அபிராமி, பெங்களூர்ல இருக்கா. சிவசைலம் மாதிரி ஒரு சாது கெடையாதும்பாங்க ஊர்ல. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். நான் போனா எந்திரிச்சு நாற்காலியை எனக்குக் குடுத்துட்டு சுவர்ல சாஞ்சு நிப்பாரு. "வாங்க மச்சான்"ம்பாரு. கிளம்பும்போது "போய்ட்டு வாங்க மச்சான்"ம்பாரு. நடுவுல ஒரு வார்த்தை வராது. முப்பத்திரண்டு வருஷம் இப்படி. இந்த ஆளு மனசுக்குள்ள இவ்வளவு அழுக்கை வெச்சிருப்பாருன்னு யாரு கண்டா?

ரிட்டயரான பெறகு அவருக்குப் படம் எடுக்கிற பைத்தியம் பிடிச்சுது. பழைய போட்டோவெல்லாம் ஸ்கேன் பண்ணி, புதுசா வீடியோ எடுத்து, எல்லாத்தையும் ஒரே டிஸ்க்ல போட்டு வெச்சிருந்தாரு. ஒரே டிஸ்க். நான் அன்னைக்கே சொன்னேன், இன்னொரு காப்பி எடுத்து வைங்க மாப்ள, இது இரும்பு இல்ல, உள்ள சுத்துத சாமான், ஒரு நாளைக்கு நின்னுரும்னு. சரி மச்சான்னாரு. செய்யல. என் பேச்சை அந்த வீட்டுல யாரு கேட்டா?

அவரு போன பெறகு வடிவு தெனமும் சாயங்காலம் அந்த டிஸ்கை டிவியில மாட்டி ஒரே ஒரு வீடியோவைத்தான் பாப்பாளாம். அவங்க அறுபதாங் கல்யாணம். வீட்டோட பண்ணினது. அதுல மாப்ள இவ கழுத்துல தாலி கட்டுததுக்குக் கை நடுங்கி, சிரிச்சு, மறுபடி கட்டுவாரு. அதைப் பாத்துட்டுத்தான் விளக்கேத்துவாளாம். ஆவணி மாசம் ஒரு நாள் படம் பாதியில நின்னுட்டு. உள்ள டிக்கு டிக்குன்னு சத்தம். அம்பையில ஒரு கடைக்காரன்கிட்டக் கொண்டு போயிருக்கா. அவன் வாயில ஸ்க்ரூவைக் கவ்விக்கிட்டு, அந்த எச்சிக் கையோட டிஸ்கைத் திறக்கவான்னு கேட்டிருக்கான். திறக்கப்படாது சார், ஒரு தூசி விழுந்தாப் போச்சு. நல்ல வேளை, இவ வாங்கிக்கிட்டு வந்துட்டா. மெட்ராசுக்குத்தான் அனுப்பணும், வந்தாலும் வரும் வராட்டாலும் வராதுன்னு சொல்லியிருக்கான். வெளியாள் கையில குடுக்க அவளுக்கு மனசில்ல. எனக்குப் போன் போட்டா. "அண்ணே, நீ பாக்கியா?"ன்னு கேட்டா. அவளா எங்கிட்ட ஒண்ணு கேட்டு பல வருஷம் இருக்கும் சார். அடுத்த பஸ்ஸப் பிடிச்சுப் போனேன்.

டிஸ்கை மாப்ளயோட பழைய துண்டுல சுத்தி ஒரு எவர்சில்வர் டப்பாவுல வெச்சிருந்தா. கூட ஒரு துண்டுச் சீட்டு. அதுல 'அறுபதாங் கல்யாணம்'னு மட்டும் எழுதி அடியில ரெண்டு கோடு போட்டிருந்தா. மத்தது வந்தா வரட்டும், வராட்டா போகட்டும், இது ஒண்ணு போதும்னா. இன்னொண்ணும் சொன்னா. எடுத்ததை எடுத்தபடியே கொண்டாந்து குடுத்துரு, நீ ஒண்ணும் திறந்து பாத்துக் கஷ்டப்படாண்டாம்னா. எனக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆன வருஷம் அது. அந்த அக்கறையில சொல்லுதான்னு நெனச்சு நான் உருகிப் போனேன், பாத்துக்கிடுங்க.

வீட்டுக்குக் கொண்டாந்து இந்த மேசையிலதான் வெச்சேன். அபிராமி போன் பண்ணி, பிரிட்ஜ்ல ஒரு நாள் வைங்க மாமா, சரியாயிரும்னு நெட்ல போட்டிருக்குங்கா. பிரிட்ஜ்ல. தயிருக்கும் தோசை மாவுக்கும் நடுவுல. நீர் கோத்து உள்ள எல்லாம் நாசமாப் போகும். படிச்ச பிள்ளை பேசுத பேச்சா இது? நான் அதெல்லாம் செய்யல. டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சேன். டிஸ்க் ஆடாம இருக்க அடியில ரப்பர் வெச்சேன். அதுல இருக்கிற ஃபைலை நேராத் திறக்கவே கூடாது சார். ஓட்டத்துல இருக்கும்போதே மொத்தத்தையும் அப்படியே இன்னொரு புது டிஸ்க்குக்குப் படியெடுக்கணும். அதுக்குன்னு புரோகிராம் இருக்கு. சுலபமா வருததை முதல்ல எடுக்கணும், சண்டி பண்ணுத எடத்தைத் தாண்டிப் போயிரணும், அதைக் கடைசியில பாத்துக்கிடணும். ஒரே எடத்துல போட்டு நோண்டினா டிஸ்க் செத்துரும். மூச்சு வாங்குத நோயாளிகிட்டப் பேசுத மாதிரி, எது முக்கியமோ அதைக் கேட்டுட்டு விட்டுரணும்.

பதினோரு நாள் ஓடுச்சு. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். சோறுகூட இங்கதான். நூத்துக்குத் தொண்ணூத்தேழு பங்கு வந்துட்டு. எந்தக் கடைக்காரனும் அந்த அளவு எடுத்திருக்க மாட்டான், நான் எழுதிக் குடுக்கேன்.

ஆனா பேரு வரல. பேரு எழுதி வெச்சிருந்த பக்கம் போயிட்டு. எல்லா ஃபைலும் வெறும் நம்பரா வந்து விழுந்துச்சு. எட்டாயிரத்துச் சொச்சம். நீங்களே சொல்லுங்க, இதை அப்படியே கொண்டு போய்க் குடுத்தா அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்? எது எதுன்னு திறந்து பாத்தாத்தானே பேரு வைக்க முடியும்? திறக்காண்டாம்னுதான் சொன்னா. சொன்னா என்ன, ஒரு வேலையைச் செஞ்சா முழுசாச் செய்யணும். ஒரு நோட்டு வாங்கி ஒண்ணொண்ணாத் திறந்தேன்.

சார், ஒரு மனுஷன் தன் வீட்டுக்குள்ள என்னென்னத்தைப் படம் எடுத்து வெச்சிருக்கான்னு பாத்தா அடுத்த வேளை சோறு எறங்காது. இலையில பரிமாறின சாப்பாடு நூறு படம். ஒரே கோபுரம் எழுபது தடவை. பெறகு ஒரு கால் விரல். அவரு கால்தான். சுகர்ல பெருவிரல் புண்ணாயிருக்கு. டாக்டருக்குக் காட்டவோ என்னவோ, தெனம் ஒரு படம். நூத்தி நாப்பது படம் சார். முதல்ல செவப்பு, பெறகு நீலம், பெறகு கறுப்பு, பெறகு சீழ், கடைசியில கட்டு. கட்டுக்குள்ள விரல் இல்ல. ச்சீன்னு ஆயிட்டு எனக்கு. இதை ஒருத்தன் பாதுகாத்து வெப்பானா? விரலை எடுத்ததே எனக்கு அப்பத்தான் தெரியும். வீட்டுக்காரிகிட்டக் கேட்டா, வடிவு அப்பவே போன் பண்ணிச் சொன்னாளே, நீங்கதான் செருப்புப் போட்டு நடக்கச் சொல்லுன்னு சொல்லிட்டு வெச்சீங்கங்கா. இவதான் தெய்வானை. இந்தா, காப்பி வந்துட்டு. குடிங்க.

எங்க விட்டேன்? ஆங். உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமோ என்னமோ. நாம ஒரு ஃபைலை அழிச்சா அது அழியாது. அங்கயேதான் கெடக்கும். அதுக்கு மேல வேற எதாவது எழுதினாத்தான் போகும். மாப்ள டிஸ்க்ல பாதிக்கு மேல காலி. அதனால அவரு அழிச்சதெல்லாம் பத்திரமா இருந்துச்சு. நான் தேடல. சாமி சத்தியமா நான் தேடல. புரோகிராம் தானா வாரிக்கிட்டு வந்துச்சு. மங்கின படம், ஆடின வீடியோ, அதுங்களோட டைப் அடிச்ச ஏழு கடிதாசி.

முதல் கடிதாசியைத் திறந்தா, 'அன்புள்ள மச்சான் அவர்களுக்கு'ன்னு இருக்கு. மச்சான்னா யாரு? நான்தான். எனக்கு எழுதின கடிதாசியை நான் படிக்கிறதுல தப்பு ஒண்ணும் இல்லையே?

அதுல என்ன எழுதியிருந்தாருன்னு வார்த்தைக்கு வார்த்தை சொல்லுதேன், எனக்கு மனப்பாடம். 'நேற்று தாங்கள் வந்து சென்ற பிறகு வடிவு சாப்பிடவில்லை. தாங்கள் வந்து செல்லும் நாள்களில் அவள் சாப்பிடுவதில்லை. இதைத் தங்களிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.' இப்படிப் போவுது. நான் மாசத்துக்கு ஒரு தடவை போய், கூடப் பொறந்தவ எப்படி இருக்கான்னு பாத்துட்டு, வீடு தொறந்து கெடக்கு, தண்ணித் தொட்டி பாசி பிடிச்சிருக்குன்னு நாலு நல்லது சொல்லிட்டு வருவேன். அதுக்கு இந்தப் பட்டம்.

ரெண்டாவது, எங்கம்மாவைப் பத்தி. எங்கம்மா கடைசி ரெண்டு வருஷம் படுத்த படுக்கை. வடிவு வீட்டுலதான் இருந்தா. எனக்கு அப்ப மாடி வீடு, அம்மாவால ஏற முடியாது. அவருக்கு இது தெரியும். தெரிஞ்சும் எழுதுதாரு: 'பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்து மருந்து டப்பாவைத் திறந்து பார்த்து, வடிவிடம் கணக்குக் கேட்பீர்கள். அத்தையின் கையைப் பிடித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.' ஒருத்தன் கையைப் பிடிக்கானா பிடிக்கலையான்னு சுவர்ல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்காரு சார். சாதுவாம்.

மூணாவதுதான் என்னை அறைஞ்சாப்ல இருந்துச்சு. அப்ப எனக்கு வாரத்துல ரெண்டு நாள் அம்பாசமுத்திரம் எக்ஸ்சேஞ்சுல டூட்டி. லைன் சரியா இருக்கான்னு ஹெட்போனை மாட்டி டெஸ்ட் பண்ணணும். ஆயிரம் பேரு பேசுவான், காதுல விழத்தான் செய்யும், காதைப் பொத்திக்கிட்டா வேலை பாக்க முடியும்? அப்படி ஒரு நாள் வடிவு அவ சிநேகிதிகிட்ட அழுதுக்கிட்டே பேசுதது விழுந்துச்சு. என்ன சொன்னா தெரியுமா? "என்னால முடியல, அம்மா எப்பப் போவாளோன்னு இருக்கு"ன்னா. பெத்த தாயை. நான் கொஞ்ச நேரம் கேட்டேன். கேக்காம எப்படி இருக்க முடியும்? மறுநாள் போய், அம்மா கட்டில் பக்கத்துலயே வெச்சு, இப்படிச் சொன்னியா இல்லையான்னு கேட்டேன். உண்மையைக் கேட்டேன், அவ்வளவுதான். வடிவு தண்ணிச் செம்பை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டா. அம்மா மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டா.

அதை எழுதியிருக்காரு. 'அன்று முதல் அத்தை வடிவு கையால் சாப்பிட மறுத்துவிட்டார்கள். நான்தான் ஊட்டினேன். இறக்கும்வரை முப்பத்தெட்டு நாள். வடிவு கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பாள். மச்சான், அவள் சொன்னது தவறாகவே இருக்கட்டும். அது தங்களிடம் சொன்னது அல்ல.'

நாளை எண்ணி வெச்சிருக்காரு பாருங்க. இத்தனை வருஷம் கழிச்சு. நான் போகும்போதெல்லாம் நாற்காலியை எடுத்துப் போட்ட மனுஷன் சார் இது. மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லல. எழுதியிருக்காரு, எழுதி அழிச்சிருக்காரு. எழுதினா அனுப்பணும். அனுப்பத் தைரியம் இல்லேன்னா எழுதப்படாது. வாந்தி எடுத்து அதை மண்ணைப் போட்டு மூடுததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அடுத்து வருதவன் காலை வெச்சு மிதிக்கணும், அதுக்குத்தானே?

நாலு, அஞ்சு, ஆறு எல்லாம் அதே பாட்டுதான். அபிராமி கல்யாணத்துல பந்தியில நான் சத்தம் போட்டது, அவரு விரலை எடுத்து ஆஸ்பத்திரியில கெடக்கும்போது நான் போகாதது. விடுங்க.

ஏழாவதுதான் விஷயம். அவரு சாகுததுக்கு ரெண்டு மாசம் முந்தி எழுதினது. பழையதையெல்லாம் ஒரு பக்கம் சொல்லிட்டு, கடைசியில இப்படி வருது: 'மச்சான், இத்தனையும் எழுதிய பிறகும் தங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. இதை வடிவிடம்கூட இதுவரை சொன்னதில்லை. தாங்கள்'

அவ்வளவுதான். 'தாங்கள்'லயே நிக்கி. மிச்சம் டிஸ்க்ல படிக்க முடியாத எடத்துல மாட்டிக்கிட்டு.

தாங்கள் என்ன? தாங்கள் ஒரு அயோக்கியர்ங்கானா? தாங்கள் நாசமாப் போவீர்கள்ங்கானா? நெனச்சுப் பாருங்க சார், செத்த மனுஷன் ஒங்களைப் பாத்து வாயத் தொறந்து, பாதியில நிறுத்துனா எப்படி இருக்கும்? எனக்குச் சோறு எறங்கல. குளிக்கும்போது தாங்கள். பூ பறிக்கும்போது தாங்கள்.

வராம நின்ன மூணு பங்குல ரெண்டு எடம்தான் முக்கியம். ஒண்ணு இந்தக் கடிதாசியோட மிச்சம். இன்னொண்ணு அந்த அறுபதாங் கல்யாண வீடியோ. அது அதுவரைக்கும் பதினோரு செகண்டுதான் வந்திருந்துச்சு. மேளகாரன் துண்டால மூக்கைச் சிந்துதது, ஒரு பிள்ளை வாயில விரலைப் போட்டுக்கிட்டுக் கேமராவைப் பாக்கது, அதோட சரி. தெய்வானை சொன்னா, முதல்ல வடிவு கேட்டதை எடுத்துருங்கன்னு. இவளுக்கு என்ன தெரியும்? வீடியோன்னா பெரிய சாமான், பல எடத்துல செதறிக் கெடக்கும். கடிதாசி ஒரு நகக்கண் அளவு. சின்ன வேலையை முடிச்சுட்டுப் பெரிய வேலைக்குப் போறதுதானே முறை? அரை மணி நேரத்து வேலைன்னுதான் உக்காந்தேன்.

மூணு நாள் ஆச்சு. அதே எடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். முன்னாலருந்து படிச்சுப் பாத்தேன், பின்னாலருந்து படிச்சுப் பாத்தேன், டிஸ்கைச் சாய்ச்சு வெச்சுப் பாத்தேன். தெய்வானை வாசல்ல நின்னு பாத்துட்டு பாத்துட்டுப் போனா. மூணாம் நாள் மத்தியானம், தகரத்தை ஆணியால கீறின மாதிரி ஒரு சத்தம். ஒரு கருகின வாடை. நின்னுட்டு.

பெறகு அது எழும்பவே இல்ல. டிஸ்க்குன்னா அப்படித்தான் சார், அதுக்கு ஒரு ஆயுசு இருக்கு. ஏழு வருஷம் ஓடினதே பெரிசு.

ஐப்பசியில தலைத்திவசம். நான் அதுவரைக்கும் வடிவுகிட்டப் போன்ல ஒண்ணும் சொல்லல. வந்துக்கிட்டிருக்கு, வந்துக்கிட்டிருக்குன்னேன். ஏழு கடிதாசியையும் பிரிண்ட் எடுத்தேன். எட்டாயிரத்துச் சொச்சத்துக்கும் பேரு வெச்சு, வருஷவாரியாப் பிரிச்சு, புது டிஸ்க்ல போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். என் கண்ணு போன கஷ்டம் எனக்குத்தான் தெரியும். ஐயர் போயி, பந்தி முடிஞ்சு, வந்தவங்கல்லாம் போன பெறகு அடுப்படியில வடிவு மட்டும் இருந்தா. பாத்திரத்தை ஒழிச்சுக்கிட்டிருந்தா. புது டிஸ்கைக் குடுத்தேன். முந்தானையில கையைத் தொடைச்சுட்டு ரெண்டு கையால வாங்கினா. அறுபதாங் கல்யாணம் இருக்கான்னு கேட்டா.

அது மட்டும் வரலைன்னேன். டிஸ்க் நின்னு போச்சுன்னு விளக்கினேன். அவ டிஸ்கையே பாத்துக்கிட்டிருந்தா. நான் விட்டிருக்கலாம் அப்படியே. ஆனா எனக்குள்ள எத்தனை நாளா கொதிக்கி சார். அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். இதைப் பாரு, உன் புருஷன் என்னைப் பத்தி எழுதி வெச்சிருக்கிற லட்சணத்தைன்னேன்.

மேல் காகிதத்துல முதல் வரியைப் பாத்தா. படிக்கல. அவளுக்குப் படிக்க வேண்டிய தேவையே இல்லைன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

"இதெல்லாம் அழிச்சாச்சே"ன்னா.

அழிச்சா அழியாது, நான் எடுத்துட்டேன்னேன். தெரியுமா உனக்குன்னு கேட்டேன். தெரியும்னா. மனசுல இருக்கிறதை எழுதிருங்க, எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டிட்டு அழிச்சிருங்கன்னு அவதான் சொல்லியிருக்கா. ஒவ்வொண்ணையும் அவரு படிக்க, இவ கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. ரெண்டு பேருமாச் சேந்து. என் தங்கச்சி.

சரி, கேட்டாத்தானே, அந்தக் கடைசிக் கடிதாசியில 'தாங்கள்'னு நிக்கே, அதுக்கு மேல என்ன எழுதியிருந்தாருன்னேன். அதை எடுக்கத்தான் மூணு நாள் மல்லுக்கட்டினேன், அதுலதான் டிஸ்கே போயிட்டுன்னேன்.

அவ என்னை நிமிந்து பாத்தா. எனக்கு இப்பவும் அந்தப் பார்வை புரியல.

"அதை எடுக்கப் போயா போச்சு?"ன்னா.

ஆமான்னேன். உண்மையைத்தானே சொல்லணும்?

அவ அடுப்பை அணைச்சா. தரையில உக்காந்தா. அழுவான்னு நெனச்சேன், அழல. "எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்ல அண்ணே, என்ன எழுதியிருந்தாகன்னு"ன்னு சொன்னா. எப்பவும் பேசுத மாதிரியே சொன்னா, கோவமே இல்லாம. சரி, இப்பச் சொல்லேன்னேன்.

"அவுக உன்னைப் பத்தி நல்லதா எழுதியிருந்தாக."

நான் எதிர்பாக்கல. என்ன நல்லதுன்னேன்.

"நாந்தான் அதையும் அழிங்கன்னேன். அனுப்பப்போறேன்னாக. இதை மட்டுமாவது அனுப்புதேன் வடிவுன்னாக. வேண்டாம்னேன்."

ஏன்னு கேட்டேன்.

"நீ அதைப் படிச்சா, செஞ்சது எல்லாம் சரின்னு நெனச்சுக்கிடுவ. அவுக உன்னை மன்னிச்சுட்டாக அண்ணே. நான் மன்னிக்கல."

அம்மா போயி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு சார். ஒரு தடவை முகஞ்சுளிச்சிருப்பாளா? நான் போனா ரெண்டு கூட்டு வெப்பா. வடை சுடுவா. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவா. இருபத்திரண்டு வருஷமா வடையைப் போட்டுக்கிட்டே இதை உள்ள வெச்சிருந்திருக்கா. மாப்ளயாவது அசலூர்க்காரரு. இவ என் ரத்தம். எனக்கு அந்த வடையெல்லாம் இப்ப நெஞ்சுல நிக்கி.

அந்தக் காகிதத்தைக் கிழிச்சு அடுப்புல போடுன்னேன். வாங்க மாட்டேன்னுட்டா. "உனக்கு எழுதினதுதானே, நீயே வெச்சுக்கோ"ன்னா. பீரோவுல கெடக்கு. சில நாள் எடுத்துப் படிக்கேன். வேற என்ன செய்ய?

துக்கத்துல பேசிட்டா, ஆறட்டும்னு ஒரு மாசம் விட்டுட்டுப் போன் பண்ணினேன். எடுத்தா. ஞாயித்துக்கிழமை தோறும் பண்ணுதேன், ஒவ்வொரு தடவையும் எடுக்கா. நல்லா இருக்கியாண்ணே, மதினி நல்லா இருக்காகளா, கண்ணு எப்படி இருக்குன்னு கேப்பா. எல்லாம் கேப்பா. மாப்ள என்ன எழுதியிருந்தாரு, அதை மட்டும் சொல்லேன்னா, குக்கர் வெச்சிருக்கேன்னு வெச்சிருவா. நேத்தும் கேட்டேன். நேத்தும் குக்கர்தான்.

அதான் சார், அடுத்தவங்க டிஸ்கே வேண்டாம். நீங்க மெட்ராசுக்கு அனுப்புங்க.

ஆனா ஒண்ணு. உங்ககிட்டச் சொன்னா என்ன. மாப்ள பொய் சொல்லுத ஆளு இல்ல. அது எனக்குத் தெரியும். நல்லதா எழுதினாருன்னா, எதையோ பாத்துத்தான் எழுதியிருக்கணும். நான் அவருக்கு என்னமோ ஒரு நல்லது செஞ்சிருக்கணும். அதுதான் என்னன்னு உக்காந்து யோசிக்கேன். முப்பத்திரண்டு வருஷத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கேன். கல்யாணம், அபிராமி பொறந்தது, அம்மா, ஆஸ்பத்திரி, எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணும் அம்பிடல. தெய்வானைகிட்டயும் கேட்டேன், உனக்காவது ஞாபகம் இருக்கான்னு. அரிசி புடைச்சுக்கிட்டிருந்தா. சொளகை மடியில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சா, பாவம். யோசிச்சுட்டு, மறுபடி புடைக்க ஆரம்பிச்சுட்டா.